ஆறு குப்பி, மூன்று மூக்கு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலியைத் தனியாக விசாரித்ததாகச் சொல். இங்கே டிசம்பரில் என்னைப் பிடித்த ஜலதோஷம் ஒருவழியாக விட்டுத் தொலைந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடிதத்தோடு வந்திருக்கும் பெட்டியை அண்ணி பார்ப்பதற்குள் பிரித்துவிடு. பஞ்சுக்கு நடுவே ஆறு குப்பிகள் இருக்கும், இருமல் மருந்து பாட்டில் அளவில். ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பது பர்பன். சோளத்தில் காய்ச்சி, உள்பக்கத்தைத் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறப்போடுகிற விஸ்கி.

எங்கள் கம்பெனியின் நாற்பது கடைகளிலும் சொந்த லேபிள் ஒட்டி ஒரு பர்பன் விற்கப்போகிறார்கள். விலை கையைக் கடிக்கக் கூடாது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பெக் ஊற்றிக்கொள்ள வேண்டும், மறுநாளும் அதையே தேட வேண்டும். அந்த ஒன்றை இந்த ஆறிலிருந்து நான் பொறுக்கித் தர வேண்டும். ஏப்ரல் 28 அன்று எங்கள் முதலாளி, பெரிய மேடம், முன்னால் தீர்ப்பு. சரியாகச் சொன்னால் தலைமை ருசி பார்ப்பவர் நாற்காலி எனக்கு நிரந்தரம். சொதப்பினால் அது எங்கள் ஆபீஸ் டைக்காரருக்குப் போய்விடும். அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, குளிக்கும்போதாவது அந்த டையைக் கழற்றுவாரா என்று எங்களுக்குள் பந்தயமே உண்டு.

"பதினோரு வருஷமா மோந்து பார்த்துச் சம்பளம் வாங்கறவ நீ. இதுல நான் எதுக்கு?" என்று கேட்பாய். நிபுணர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சாதாரணமாகக் குடிக்கிற ஒரு ஆள் என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும். நீ அளவாகக் குடிக்கிறவன், அளவில்லாமல் பேசுகிறவன். உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

முதலில் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோந்து பார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேய்த்து, காய்ந்ததும் இன்னொரு தடவை மோந்து பார். அப்புறம் ஒரு வாய். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு இன்னொரு வாய். மனசில் பட்டதை அப்படியே எழுது. போன் செய்யாதே. போனில் நீ அளந்துகொண்டே போவாய், பேனா பிடித்தால்தான் கொஞ்சமாவது யோசிப்பாய்.

எனக்கு இங்கே வேலை மும்முரம். முந்தாநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டின பிறகுதான் ஓடினேன். அவ்வளவு சிரத்தை!

அண்ணிக்கு என் அன்பு. குப்பிகளைப் பற்றி மூச்சு விடாதே.

உன்,
வாலு

*

ஜனவரி 21

வாலுக்கு,

உன் விசாரிப்புக்கு முழங்கால் நன்றி தெரிவிக்கச் சொன்னது. நான் நலம். உன் அண்ணியும் நலம், குரலும் நலம், அது தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

பெட்டியைப் பிரித்தேன். அடேயப்பா! நாற்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு பதவி வரும் என்று யார் கண்டது? எத்தனை வீட்டுச் சமையலறைக்கு அலமாரி செய்து கொடுத்திருக்கிறேன், ஒருத்தராவது என் கருத்தைக் கேட்டதுண்டா?

வீட்டில் வைத்துக் குடித்தால் உன் அண்ணியிடம் மாட்டிக்கொள்வேன் என்று குப்பிகளைப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அறுவை மெஷினுக்குப் பின்னால் பலகை அடுக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு சாப்பாட்டு மேஜைக்கு வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தார்கள், பக்கத்திலேயே பசை டின் திறந்து கிடந்தது. இருந்தாலும் நிம்மதியான இடம். நீ சொன்ன முறைப்படியே செய்தேன். இதோ தீர்ப்பு:

நம்பர் 1: மோந்ததுமே புதுப் பலகை, இப்போதுதான் அறுத்த மாதிரி. அடியில் லேசாகப் பசை. வாயில் நெருப்பு, ஆனால் பயப்படும்படி இல்லை.

நம்பர் 2: புதுப் பலகை. பசை கொஞ்சம் தூக்கல். நெஞ்சில் இறங்கும்போது "நகரு, நகரு, பெரிய மனுஷன் வர்றேன்" என்கிற தோரணை. எனக்குப் பிடித்தது.

நம்பர் 3: பலகை, பசை, நல்ல வார்னிஷ். இனிப்பு ஜாஸ்தி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உன் அண்ணி வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"என்ன மணக்குது?"

"பாலிஷ்."

"பாலிஷை வாயிலயா அடிச்சாங்க?"

அதற்கு மேல் என்ன மறைப்பது? எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் காட்டிவிட்டேன். உன் தலையையும் சேர்த்து உருட்டினாள். கவலைப்படாதே, கோபம் இல்லை. அவளிடம் சொல்லாமல் விட்டதுதான் குற்றமாம்.

நிபுணன் ஆகிவிட்ட
உன் அண்ணன்

*

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நீங்கள் இருவரும் நலம் என்று படித்து நிம்மதி. நானும் அப்படியே.

பிரமாதம் அண்ணா! நான் தேடினது இதைத்தான். "இப்போதுதான் அறுத்த பலகை" என்று எங்கள் ஆபீசில் யாருக்கு எழுத வரும்? ஓக் பீப்பாயின் வாசனையைத் தச்சுவேலை செய்கிறவன் பிடித்துவிட்டான் பார்! அதை அப்படியே என் அறிக்கையில் சேர்த்து மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். மீதி மூன்றையும் சீக்கிரம் முடித்து எழுது.

அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ மூன்று தடவை போன் செய்திருக்கிறாய். எடுக்க முடியவில்லை, மீட்டிங்.

உன்,
வாலு

*

பிப்ரவரி 17

என் அருமை வாலுக்கு,

நலம். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டிங் என்று உன் அண்ணி கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

மீதி மூன்றும் முடிந்தன, அதே இடம், அதே நேரம்.

நம்பர் 4: பலகை, பசை. தண்ணீர் விட்டால் ஆளையே காணோம்.

நம்பர் 5: பலகை. பசை குறைவு. இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை, குடித்துக்கொண்டே இருந்தேன், பார்த்தால் பாதிக் குப்பி காலி.

நம்பர் 6: பசை, பசை, பசை. மேலாக ஏதோ மருந்து.

ஆறையும் பார்த்துவிட்டு நான் கண்டுபிடித்த ரகசியம் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். பர்பனுக்கு உயிரே பலகையும் பசையும்தான். சரிதானே? இந்த மூக்கைத் தொழிலுக்கே கொண்டுவந்திருக்கலாம், அப்பா என்னைத் தச்சுவேலையில் சேர்த்துக் கெடுத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், உன் அண்ணனும் நன்றாக இருக்கிறார். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மிச்சக் குப்பிகளைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நேற்று ஆறையும் திறந்து மோந்து பார்த்தேன். நான் குடிக்கவில்லை, மோந்துதான் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நான் மேற்பார்வை. துவைத்து வருகிற படுக்கை விரிப்பை மோந்து பார்த்து, அலசினது போதுமா போதாதா என்று சொல்வதுதான் பாதி வேலை. நான் சொல்கிறேன், ஆறில் ஒன்றில்கூடப் பசை வாசனை கிடையாது. ஒன்றில் கருக்கின சர்க்கரை, ஒன்றில் தேன், ஒன்றில் மிளகு. பசை எங்கே இருந்தது தெரியுமா? அவர் பக்கத்தில், டின்னில் இருந்தது. பசைக்கும் வார்னிஷுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அறுவைத் தூளையும் சேர்த்து முகர்ந்துவிட்டு, அதையெல்லாம் பாட்டிலின் தலையில் கட்டியிருக்கிறார் மகராசன்.

அவரை விடு, அவர் அப்படித்தான். நீ எப்படி இதை நம்பினாய்? அந்தப் பட்டறைக்குள் நீ போயிருக்கிறாய். பசை டின் திறந்திருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பாட்டில்கள் உன்னிடமும் இருக்கின்றன. ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் "யோவ் அண்ணா, எங்க உட்கார்ந்து குடிச்சே?" என்று கேட்டிருப்பாய். நீ "பிரமாதம்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்தப் பால் விஷயமும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தாயாம். பாத்திரம் கரியாகிற வரைக்கும் உனக்குத் தெரியவில்லையாம், எதிர்வீட்டுக்குத் தெரிந்ததாம். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய், குரலில் கண்டுபிடித்துவிடுவோம் என்றுதானே?

சுற்றி வளைக்கவில்லை. உனக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா?

உன் அண்ணி

*

மார்ச் 20

வாலுக்கு,

சுகமா? உன் அண்ணி உனக்கு ஏதோ எழுதியிருக்கிறாள். என்ன என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது சாப்பாட்டைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள்.

இரண்டு வாரமாகிறது. சண்டை என்றால் சண்டை என்று எழுது. நடுவில் நான் இருக்கிறேன், எனக்கு யாராவது ஏதாவது சொல்லுங்கள்.

உன் அண்ணன்

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

தெரியவில்லை அண்ணி. ஒரு வாசனையும் தெரியவில்லை. டிசம்பரில் வந்த ஜலதோஷம் போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாளில் வரும் என்று நினைத்தேன், இரண்டு வாரத்தில் வரும் என்று நினைத்தேன். இப்போது எனக்குக் காபியும் வெந்நீரும் ஒன்றுதான், ஒன்று கசக்கும், அவ்வளவு வித்தியாசம். பர்பன் என்பது சுடுகிற இனிப்புத் தண்ணீர். ஆறு குப்பியும் எனக்கு ஒரே குப்பி.

மூக்கு டாக்டரைப் பார்த்தேன். நரம்பு அசந்திருக்கிறது, வந்தாலும் வரும் என்றார். லவங்கம், எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு சீசா கொடுத்து, காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன். நாலு சீசாவிலும் காற்றுதான் இருக்கிறது.

அண்ணா, உன்னை ஏமாற்றிவிட்டேன். சாதாரண ஆளின் கருத்து வேண்டும் என்று சொன்னதெல்லாம் சாக்கு. உன் மூக்கைக் கடன் வாங்கி என் பேரில் காட்டினேன். ஆறிலும் பசை என்று நீ எழுதியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வருவதற்கே ஒரு மூக்கு வேண்டும் போலிருக்கிறது. மேடம் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 28ஆம் தேதி நம்பர் இல்லாமல் ஆறு கிளாஸ் வைப்பார்கள். எது எது என்று நான் சொல்ல வேண்டும். டைக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மூக்கு இல்லாவிட்டால் நான் யார்?

திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

உங்கள் வாலு

*

ஏப்ரல் 6

எங்கள் செல்ல வாலுக்கு,

திட்டச் சொன்னாயே, இந்தா: மடச்சி! மூக்கு போனதற்கு இல்லை, மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து அழுததற்கு. அண்ணன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறேன், அலமாரிக்குக் கீல் மாட்டவா?

உன் கடிதத்தைப் படித்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணி எழுந்துபோய் ஆறு குப்பிகளையும் எடுத்து வந்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டாள். "அழுதது போதும். வேலையை ஒழுங்கா செய்வோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை இரண்டு தடவை குளிக்க வைத்தாள் பார், என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிக் குளிக்கவில்லை. வாசனைச் சோப்பு கூடாதாம். காதுக்குள் மரத்தூள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜன்னல் எல்லாம் திறந்து, கிளாஸை வெறும் வெந்நீரில் கழுவி, எனக்கு ஒரு தாள், அவளுக்கு ஒரு தாள், நடுவில் ஒரு அட்டைப் பெட்டி, காப்பியடிக்கக் கூடாது என்று.

ஐயோ, வாலு! அது வேறு சரக்கு! நான் பட்டறையில் குடித்ததெல்லாம் என் பட்டறையைத்தான். உன் அண்ணி இந்தத் தடவை குடித்தும் பார்த்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வயிறு எரிகிறது:

1: கருக்கின சர்க்கரை. கடைசியில் கசந்து முகம் சுளிக்க வைக்கிறது.
2: மிளகு, தோல் பெல்ட். சத்தம் ஜாஸ்தி.
3: கேக் கடைக்குள் நுழைந்த மாதிரி வெனிலா. இரண்டாவது வாயிலேயே திகட்டல்.
4: தண்ணீர் பட்டதும் செத்துப்போகிறது.
5: தேன், வறுத்த சோளம், பின்னால் அடக்கமாக மரம். தண்ணீர் விட்டாலும் ஐஸ் போட்டாலும் குணம் மாறவில்லை.
6: ஆஸ்பத்திரி. எனக்கு ஏற்கெனவே அங்கேதான் வேலை.

அவள் ஐந்து என்கிறாள். நான் இரண்டு என்கிறேன், அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. "கம்பீரத்தைத் தினமும் வீட்டுக்குள்ள வெச்சுக்க முடியுமா? தினம் வர்ற ஆள் வந்தது தெரியாம வந்து உட்காரணும். விருந்தாளி மாதிரி வீட்டையே புரட்டிப் போடக் கூடாது" என்கிறாள். நாலு நாளாக இதே பேச்சு. ஒரு நாள் வெறுமனே, ஒரு நாள் ஐஸோடு, ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று குடித்துப் பார்த்துவிட்டோம். சண்டை தீரவில்லை, குப்பிதான் தீர்ந்துகொண்டே வருகிறது.

இனி உன் அண்ணி சொல்லச் சொன்னது. இந்தக் குறிப்பை உன் பேரில் கொடுக்காதே. மேடத்திடம் போய் நடந்ததைச் சொல். வேலை போனால் போகட்டும். நம் வீட்டில் உனக்கு ஒரு அறை இருக்கிறது. மூக்கு இல்லாவிட்டால் நீ யார் என்று கேட்டாயே. எங்கள் வாலு. அதற்கு மூக்கு எதற்கு?

உன் அண்ணனும் அண்ணியும்

*

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நீங்கள் சௌக்கியமா? நான் இன்று கொஞ்சம் சௌக்கியம். ஏன் என்று கேளுங்கள்.

நேற்று காலை மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"டிசம்பர்லேர்ந்து மேடம்."

"அப்போ அந்தப் பசை?"

"எங்க அண்ணனோடது மேடம். தச்சுவேலை. பட்டறையில உட்கார்ந்து குடிச்சிட்டாரு."

மேடம் பேனாவை மூடினார். "ஆறுலயும் பசைன்னு படிச்சிட்டு நான் ரெண்டு நாள் தூங்கலே. நாம விஸ்கிக் கம்பெனி நடத்தறமா, பசைக் கம்பெனி நடத்தறமான்னு."

அப்புறம் அண்ணியின் குறிப்பைக் கொடுத்தேன், யாருடையது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஆறாம் நம்பருக்கு வந்ததும் தோள் குலுங்கியது, ஆனால் சிரிப்பை வெளியே விடவில்லை.

"இந்த ரெண்டு பேரையும் இருபத்தெட்டாம் தேதி வரச் சொல்லுங்க. தினம் குடிக்கிற சரக்குக்குத் தினம் வேலைக்குப் போறவங்க நாக்குதான் வேணும். உங்க விஷயம் வேற. அடுத்தவங்க எழுதினதை உங்க பேர்ல குடுத்தீங்க. அது தப்பு."

"தப்புதான் மேடம்."

"நீங்களே வந்து சொன்னீங்க, அதனால ஜூன் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். மூக்கு வந்தா நாற்காலி உங்களுக்கு. வரலேன்னா குடோன்ல பெட்டி சரிபார்க்கிற வேலை இருக்கு. அதுவரைக்கும் நாற்காலியில டைக்காரர் உட்காருவாரு." மேடமும் அவரை டைக்காரர் என்றுதான் சொல்கிறார் அண்ணா!

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது. கேன்டீனில் இரண்டு முட்டை போட்ட ஆம்லெட் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் வயிறு நிறைந்தது.

ரயில் டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். அண்ணா, தயவுசெய்து குளித்துவிட்டு வா.

உங்கள் வாலு

*

மே 7

வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். முழங்கால் ரயிலில் மடங்கினதற்கு மட்டும் ஒரு வாரமாகக் கோபித்துக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அந்த நாலு சீசாவை விடாமல் மோந்து பார்க்கிறாயா?

அன்றைக்கு நடந்தது உனக்கே தெரியும் என்றாலும், பட்டறையில் இதுவரை பதினாலு தடவை சொல்லிவிட்டேன், உனக்கும் ஒரு தடவை சொன்னால்தான் திருப்தி. அந்த நீள மேஜை, வெள்ளைத் துணி, நம்பர் இல்லாத ஆறு கிளாஸ். இரவல் கோட்டுக்குள் நான். உன் அண்ணி சலவைக்கு வந்த விரிப்பைப் பார்க்கிற மாதிரியே முதலில் மேஜைத் துணியைத் தடவிப் பார்த்தாள். "இன்னொரு அலசு அலசியிருக்கலாம்" என்று அவள் முணுமுணுத்தது மேடத்துக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

டைக்காரர் கேக் கடையைத்தான் எடுத்தார். "நேர்த்தியான வெனிலா" என்றார். பாவம், நல்ல மனுஷன்தான், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்புறம் நான். ஒவ்வொன்றாகக் குடித்து, நாலாவது கிளாஸில் நின்றேன். இதுதான் என்று நெஞ்சு சொல்லிற்று. எழுந்து நின்று, "இதுதாங்க! இதுதான் என் ரெண்டாம் நம்பர்! மூணு வாரமா இதுக்காகத்தான் வீட்டுல சண்டை!" என்று முழங்கினேன்.

மேடம் கிளாஸைத் தூக்கி அடியில் பார்த்தார். "இது அஞ்சாம் நம்பர்."

உன் அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடத்திடம், "நம்பர் தெரிஞ்சா வாய் பேசும், தெரியலேன்னாதான் நாக்கு பேசும்" என்றாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்! அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது. ஐந்து! நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. எல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் நீ எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், "எனக்கு இப்போ வாசனை தெரியறதில்லே. அதனால நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லே" என்று சொன்னாயே. குரல் உடையவில்லை. எனக்குத்தான் அழுது மூக்கு அடைத்துவிட்டது. அதனால்தான் முதல் கிளாஸில் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று, உன் அண்ணியிடம் சொல்லிவிடாதே.

ஜூன் முடிய ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. வரும். வராவிட்டால் பெட்டி சரிபார். உன்னை மாதிரி சரிபார்க்க யாரால் முடியும்?

உன் அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நீங்கள் சுகமா, முழங்கால் சுகமா, எல்லாம் சுகமாகத்தான் இருக்க வேண்டும், இன்றைக்கு உலகத்தில் யாரும் சுகமில்லாமல் இருக்கக் கூடாது!

ஐந்தாம் நம்பர் கடைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு பஸ் டிரைவர் இரண்டாவது பாட்டிலுக்கு வந்தாராம். என்ன பிடித்தது என்று கடைக்காரர் கேட்டதற்கு, "என்னன்னு தெரியலே, காலியாயிடுச்சு" என்றாராம். கேட்டீர்களா அண்ணி? இதைவிடப் பெரிய பரிசு இந்தத் தொழிலில் கிடையாது.

அதைச் சொல்ல நான் எழுதவில்லை. கெடு முடிய மூன்று நாள்தான் பாக்கி. நேற்றே என் மேஜையைக் காலி பண்ணி, சாமானை அட்டைப் பெட்டியில் கட்டிவிட்டேன். குடோன்காரர் எனக்கு ஒரு தொப்பியும் கொடுத்துவிட்டார். இன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை ருசி அறையைத் துடைத்துவிட்டு வரலாம் என்று கீழே போனேன். திடீரென்று தடதடவென்று எல்லோரும் ஓடி வருகிறார்கள். கழிவறைப் பக்கம் சாக்கடை அடைத்து, நடையெல்லாம் பொங்கிவிட்டதாம். டைக்காரர் டையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். டைப்பிஸ்ட் அம்மா படியிலேயே ஓங்கரித்தார். "உள்ள போகாதீங்க!" என்று கத்தினார்.

நான் உள்ளே போனேன். எனக்கென்ன, மூக்குதான் இல்லையே, யாராவது போய் வால்வை மூட வேண்டாமா என்று போனேன். நடை நடுவில் போய் நின்றேன் அண்ணா. முதலில் லேசாக ஏதோ தொண்டையில் தட்டின மாதிரி இருந்தது. அப்புறம் சப்பென்று அறைந்தது. அழுகின முட்டை, ஊறின துணி, பழைய எண்ணெய், ஒன்றின்மேல் ஒன்றாக, தனித்தனியாக! குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் அசையவில்லை. கணுக்கால் வரைக்கும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, வாயை லேசாகத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். திரும்பவும் இழுத்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன்.

மேடம் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு மாடிப்படி மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க என்ன பண்றீங்க? வெளிய வாங்க!"

"மேடம், நாறுது மேடம்!"

"கட்டடத்துக்கே தெரியுது!"

"எனக்கும் தெரியுது மேடம்! எனக்கும் நாறுது!"

உங்கள் வாலு